மின்தரத்தைக் கண்காணிக்க இருக்கிற ரிலே போதுமா, தனிக் கருவி வாங்கணுமா?

ஒரே வாரத்தில் இரண்டு கேள்விகள் வந்தன. முதலாவது, உடுமலைப் பக்கத்து நூற்பாலையில் மின்பராமரிப்பைப் பார்க்கும் ஒருவரிடமிருந்து. "மாசத்துக்கு நாலஞ்சு தடவை லைட்டு ஒரு வெட்டு வெட்டுதுங்க. கரண்ட் போறதில்ல, பிரேக்கர் விழறதில்ல. ஆனா ரிங் ஃபிரேம் பாதிக்குப் பாதி நின்னுருது. மின்தர அனலைசர் வாங்கச் சொல்லி கொட்டேஷன் வந்திருக்கு. இன்கமர் பேனல்லதான் நியூமெரிக்கல் ரிலே இருக்கே, அதுக்கு வோல்டேஜும் போகுது, அதுலயே பாக்க முடியாதுங்களா?"

இரண்டாவது, கோவையில் ஒரு ஃபவுண்டரியிலிருந்து. ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் அதன் மடங்கு அதிர்வெண் அலைகள்) வரம்பைத் தாண்டுகிறது என்று அவர்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. "எங்க ரிலே டிஸ்பிளேல டி.எச்.டி. 3 பர்சென்ட்தான் காட்டுது. இதைக் காட்டி மறுக்கலாமா சார்?" டி.எச்.டி. என்றால் அந்த ஹார்மோனிக்ஸின் மொத்த அளவு, அடிப்படை அலையின் விழுக்காட்டில்.

இரண்டு பேரும் கையில் இருக்கும் ரிலேயை, அதாவது லைன் ஆலைக்குள் நுழையும் இன்கமர் பேனலில் கோளாறைக் கண்டு பிரேக்கரை விழவைக்கும் பாதுகாப்புக் கருவியை, வைத்தே சமாளிக்கப் பார்க்கிறார்கள். முதலாமவருக்கு என் பதில் "பெரும்பாலும் முடியும்". இரண்டாமவருக்கு "முடியவே முடியாது". ரிலேக்கு ஒரு கேள்வி கைவந்த கலை, இன்னொன்று அதன் கண்ணுக்கே தெரியாத சங்கதி. கொட்டேஷனைப் பிரிப்பதற்கு முன் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

கருவிகளின் பட்டியலுக்குப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "மின்தரம் சரியில்லை" என்பது கேள்வி ஆகாது. "ஃபிரேம் நின்றபோது மின்னழுத்தம் எவ்வளவு இறங்கியது, எத்தனை மில்லிசெகண்ட், காரணம் வெளியிலா உள்ளேயா?" என்பது கேள்வி. "நம் ஆலையிலிருந்து லைனுக்குப் போகும் ஹார்மோனிக் கரண்ட் வரம்புக்குள் இருக்கிறதா?" என்பது வேறொரு கேள்வி. முதலாவது திடீரென வந்து போகும் நிகழ்வைப் பற்றியது. இரண்டாவது நாள் முழுக்க நீடிக்கும் நிலையைப் பற்றியது. இந்த இரண்டையும் ஒரே கருவி ஒரே தரத்தில் பார்த்துவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பணம் வீணாகிறது.

கேள்வி தெளிந்தபின் ஒவ்வொரு கருவியிடமும் நான் பார்ப்பவை இவை. அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, 22 கே.வி. (எச்.டி.) பக்கமா, 415 வோல்ட் (எல்.டி.) பக்கமா? அதற்கு வோல்டேஜ் போய்ச் சேருகிறதா? ஒரு சைக்கிளுக்கு, அதாவது மின்சார அலையின் ஒரு சுற்றுக்கு, எத்தனை சாம்பிள் எடுக்கிறது, எடுத்ததில் எதை வடிகட்டித் தூக்கிப் போடுகிறது? எப்போது பதியத் தொடங்குகிறது, நினைவகம் நிறைந்தால் எதை அழிக்கிறது? அதன் கடிகாரம் சரியா? அது தரும் எண்ணை எதிர்த் தரப்பு ஏற்குமா? கடைசியாக, அதில் சேரும் பதிவை உங்கள் ஆலையில் யார் திறந்து பார்க்கப் போகிறார்? விலை இந்த ஏழுக்கும் பிறகுதான் வரும்.

மின்னழுத்தச் சரிவு, அதாவது டிப் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஇஇஇ என்ற பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பின் 1159 தரத்தின்படி, ஆர்.எம்.எஸ். அழுத்தம் (அலையின் பயனுறு அளவு) வழக்கமானதில் 90 முதல் 10 விழுக்காட்டுக்குள் இறங்கி, அரை சைக்கிள் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே இருப்பதுதான் டிப். 10 விழுக்காட்டுக்கும் கீழே போனால் அது தடை. நம்முடைய 50 ஹெர்ட்ஸில் அரை சைக்கிள் என்றால் 10 மில்லிசெகண்ட். கண்ணுக்கு அது லைட்டின் ஒரு சிமிட்டல்தான். மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்து அறுக்கும் மின்காந்த ஸ்விட்சான காண்டாக்டருக்கு அப்படியல்ல. ஏசி காண்டாக்டர் 75 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் பிடி விட்டு விழலாம் என்று பன்னாட்டு அமைப்பான ஐ.இ.சி.யின் தரமே இடம் தருகிறது. ஒரே பேனலில் ஒரே டிப்புக்கு இரண்டு ஃபிரேம் நிற்பதும் பக்கத்து ஃபிரேம் ஓடுவதும் இதனால்தான்.

## வழி 1: இன்கமரில் ஏற்கெனவே இருக்கும் ரிலே

முதலில் பேனலின் பின்கதவைத் திறந்து பாருங்கள். ரிலேக்கு பி.டி. வயர், அதாவது உயரழுத்தத்தைச் சிறிதாக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் வயர், வருகிறதா? சிறிய உயரழுத்த நுகர்வோரிடம் நான் பார்க்கும் இன்கமர் ரிலேக்களில் பல, ஓவர்கரண்டும் எர்த் ஃபால்ட்டும் மட்டும் பார்ப்பவை. கரண்டைச் சிறிதாக்கித் தரும் சி.டி.யின் உள்ளீடு மட்டும் இருக்கும், வோல்டேஜ் உள்ளீட்டு டெர்மினலே இருக்காது. அப்படியானால் டிப்பைப் பொறுத்தவரை உங்கள் ரிலேக்குக் கண் இல்லை, நேரே அடுத்த வழிக்குப் போகலாம். டெர்மினல் இருந்து, பேனல் செய்தவர் வயர் மட்டும் இழுக்காமல் விட்டிருந்தால் அதிர்ஷ்டம். ஒரு ஷட்டவுனில் வேலை முடிந்துவிடும்.

வோல்டேஜும் கரண்டும் இரண்டும் போகிற நியூமெரிக்கல் ரிலேயின் உள்ளே ஒரு அலைவடிவப் பதிவி உண்டு. ஃபால்ட் வந்தால் முன்னும் பின்னும் சில சைக்கிள்களைப் பதிந்து, காம்ட்ரேட் கோப்பாகத் தரும். ஐஇஇஇ சி37.111 என்ற பொதுத் தரத்தில் அமைந்த கோப்பு அது. எந்த நிறுவனத்தின் ரிலேயில் இருந்து எடுத்தாலும் பொதுவான மென்பொருளில் திறக்கலாம்.

உடுமலைக்காரரின் ரிலே இத்தனை நாள் ஏன் எதையும் பதியவில்லை? அழுத்தக் குறைவைக் கவனிக்கும் அண்டர்வோல்டேஜ் எலிமெண்ட் 80 விழுக்காட்டில், 2 செகண்ட் தாமதத்தில் இருக்கிறது. அவர் ஆலையில் வரும் டிப் 150 மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிலே பிக்கப் ஆகி, அதாவது குறைவை உணர்ந்து, தாமதம் முடிவதற்குள் திரும்பிவிடுகிறது. பதிவியோ ட்ரிப் ஆனால்தான் பதியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ரிலே டிப்பைப் பார்த்தது, எழுதி வைக்கவில்லை.

இதற்கு மருந்து எளிது. ட்ரிப் செட்டிங்கைத் தொடாதீர்கள். அண்டர்வோல்டேஜின் இரண்டாவது ஸ்டேஜ் காலியாக இருந்தால் அதை 85 அல்லது 88 விழுக்காட்டில் வைத்து, எந்த அவுட்புட் காண்டாக்டுக்கும் இணைக்காமல், அதன் பிக்கப்பை மட்டும் பதிவியின் ட்ரிகராகக் கொடுங்கள். ட்ரிகருக்கு முந்தைய பகுதி ஐந்தாறு சைக்கிளாவது இருக்கட்டும். மொத்தப் பதிவு ஒரு செகண்டுக்குக் குறைய வேண்டாம். அழுத்தத்தை ஃபேஸ்-டு-ஃபேஸ் ஆகப் பார்க்க வையுங்கள்.

ஃபேஸ்-டு-ஃபேஸ் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், நம் ஆலைகளின் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் எச்.டி. பக்கம் டெல்டா, எல்.டி. பக்கம் ஸ்டார் (டிஒய்என்11 என்பார்கள்). 22 கே.வி. லைனில் ஆர் ஃபேஸ் மண்ணைத் தொட்டு முழுக்கப் பூஜ்யத்துக்கே போனாலும், எல்.டி. பக்கம் எந்த ஃபேஸும் பூஜ்யம் ஆகாது. இரண்டு ஃபேஸ் ஏறக்குறைய 58 விழுக்காட்டுக்கு இறங்கும், மூன்றாவது முழுசாக நிற்கும். எல்.டி. பக்கத்து ஃபேஸ்-நியூட்ரல் அழுத்தம், எச்.டி. பக்கத்து ஃபேஸ்-டு-ஃபேஸ் அழுத்தத்தின் நிழல். எனவே 230 வோல்ட் காண்டாக்டர் காயில் என்ன பார்த்தது என்று அறிய, 22 கே.வி. ரிலேயில் லைன் அழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபேஸ்-டு-எர்த் பார்த்தால் "ஒரு ஃபேஸ் போயிருச்சு, மத்த ரெண்டும் நல்லாத்தானே இருந்துச்சு, அப்புறம் ஏன் இத்தனை மிஷின் நின்னுச்சு" என்று தலையைச் சொறிய வேண்டியதுதான்.

ரிலேயின் உண்மையான பலம் வேறு: வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரக்கோட்டில் கிடைக்கின்றன. டிப் தொடங்கும் முதல் சைக்கிளில் கரண்டைப் பாருங்கள். அழுத்தம் இறங்கும்போதே கரண்ட் எகிறினால் கோளாறு உங்கள் காம்பவுண்டுக்குள். அழுத்தம் இறங்கி, கரண்டும் இறங்கினாலோ பெரிதாக மாறாமல் இருந்தாலோ வெளியில். அழுத்தம் திரும்பி வரும்போது மோட்டாரும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவும் சேர்ந்து ஒரு இழு இழுக்கும். அந்த எகிறலைப் பார்த்து ஏமாற வேண்டாம், தொடக்கத்தை மட்டும் பாருங்கள்.

ஒரு ஆலையில் எனக்கு இது நன்றாக உறைத்தது. விடிகாலை மூன்றே முக்காலுக்கு ஃபிரேம்கள் நின்றுவிட்டன. ஆடி மாதம். அம்மி பறக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கம் தென்னை மட்டை பறக்கும். லைனில் மட்டை விழுந்திருக்கும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நானும் நம்பினேன். ரிலேயில் இருந்து பதிவை இறக்கினால், அழுத்தம் இறங்கும் அதே கணத்தில் இரண்டு ஃபேஸில் கரண்ட் பல மடங்கு ஏறி, 60 மில்லிசெகண்டில் துண்டாக அறுந்து நின்றிருந்தது. அவ்வளவு சுத்தமாக அறுப்பது உள்ளே இருக்கும் ஒரு ஃபியூஸ்தான். ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் பேனலைத் திறந்தோம். பஸ்பாருக்குக் கீழே ஒரு பல்லி, கரிக்கட்டையாக. இரவு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ஃபியூஸை மாற்றிவிட்டு, லாக் புக்கில் எழுதாமல் வீட்டுக்குப் போயிருந்தார். "அது சும்மா ஃபியூஸுதானுங்களே சார்."

இனி, ரிலேயின் குறைகள். பாதுகாப்புக்குத் தேவை 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலை மட்டுமே. மற்றதெல்லாம் அதற்குக் குப்பை. ஆகவே உள்ளே வரும் சிக்னலை வடிகட்டி, ஒரு முழு சைக்கிள் ஃபூரியே கணக்குப் போட்டு, ஹார்மோனிக்ஸை வேண்டுமென்றே தூக்கி எறிகிறது. சைக்கிளுக்கு 16 சாம்பிள் எடுக்கும் ரிலே என்றால் செகண்டுக்கு 800. அதில் கொள்கையளவில் தெரியக்கூடிய உச்சம் 400 ஹெர்ட்ஸ், எட்டாவது ஹார்மோனிக். நடைமுறையில் வடிகட்டி அதற்கு முன்பே வெட்டத் தொடங்கிவிடும். மைக்ரோசெகண்டில் முடியும் மின்னல் எழுச்சி இதில் தெரியாது. கேபாசிட்டர் ஸ்விட்சிங்கின் சில நூறு ஹெர்ட்ஸ் அதிர்வு அரைகுறையாகத் தெரியும். விளக்கு மினுக்கத்தைச் சொல்லும் ஃபிளிக்கர் அளவீடும் சாதாரணப் பாதுகாப்பு ரிலேயில் கிடையாது.

புதிய தலைமுறை ரிலேக்களில் மின்தர வசதியும் வந்திருக்கிறது. ஏபிபியின் ரெஃப் 615, சீமென்ஸின் சிப்ரோடெக் 5 போன்றவற்றில் டி.எச்.டி.யும் அழுத்த மாறுபாடும் பதியும் செயல்பாடுகள் உண்டு. ஆனால் வாங்கும்போதே ஆர்டர் கோடில் சேர்த்திருக்க வேண்டும். புதிய பேனலுக்கு ஆர்டர் போடுகிறவர்கள் இந்த வரியை மட்டுமாவது படித்து, ரிலே கோடை ஒருமுறை சரிபாருங்கள்.

மறைசெலவுகள் மூன்று. முதலாவது, நினைவகம். நான் பார்த்த ஒரு பழைய ரிலேயில் மொத்தமே ஐந்து பதிவுதான், ஆறாவது வந்தால் முதலாவது போய்விடும். டிப் ட்ரிகரை 95 விழுக்காட்டில் வைத்துவிட்டால் மாலை நேர ஏற்ற இறக்கத்துக்கே ஐந்தும் நிறைந்துவிடும். அடுத்த நாள் கேபிள் வெடித்து பிரேக்கர் விழுந்தால், நீங்கள் வந்து இறக்குவதற்குள் அந்த உண்மையான ஃபால்ட்டின் பதிவைப் பின்னால் வரும் குப்பை அழித்திருக்கும். கண்காணிப்பு என்ற பெயரில் பாதுகாப்பின் சாட்சியத்தை அழித்துக்கொள்வது எனக்கு ஒப்பாத காரியம். இரண்டாவது, செட்டிங்கைத் தொட்டால் செகண்டரி இன்ஜெக்ஷன் டெஸ்ட்டை (ரிலேக்குச் சோதனைக் கரண்டும் வோல்டேஜும் செலுத்திப் பார்ப்பதை) மறுபடி செய்து, புதிய செட்டிங் ஷீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அரைமணி வேலை என்று தொடங்கி ஒரு நாள் போகும். மூன்றாவது, கடிகாரம். ஒரு இடத்தில் டிப் நேரத்தைத் துணைமின்நிலைய நேரத்தோடு ஒப்பிட்டு இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். ரிலே உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

## வழி 2: பேனல் கதவில் மாட்டும் மீட்டர்

மல்ட்டிஃபங்ஷன் மீட்டரில் இப்போது டி.எச்.டி. காட்டாததே அரிது. சில ஆயிரங்களில் கிடைக்கும், ஒவ்வொரு எல்.டி. ஃபீடரிலும் மாட்டலாம். எந்த டிரைவ் பேனல் ஹார்மோனிக்ஸைக் கொட்டுகிறது, எந்த ஃபீடரில் ஃபேஸ் சமநிலை கெட்டிருக்கிறது என்று பிரித்துக் காட்டும். அதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

டிப் விஷயத்தில்தான் ஏமாற்றம். இவை காட்டும் எண் ஏறக்குறைய செகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. அதை மோட்பஸ் என்ற தகவல் இணைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கணினியில் வரைந்தால் கோடு தேர்ச் சக்கரம் போட்ட தடம்போல நேராகப் போகும். நடுவில் 150 மில்லிசெகண்ட் பள்ளம் இருந்தது யாருக்கும் தெரியாது. "எங்க கிராஃபுல ஒண்ணுமே இல்லீங்களே" என்று அந்தக் கிராஃபைச் சாட்சிக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு.

இதற்கும் மேலே, "மின்தர மீட்டர்" என்றே விற்கப்படும் ஒரு நடுத்தர வகை இருக்கிறது. அதை விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டிப்பை ஒரு சைக்கிள் ஆர்.எம்.எஸ். எடுத்து, அரை சைக்கிளுக்கு ஒருமுறை புதுப்பித்துப் பார்க்கிறதா? ஐ.இ.சி. 61000-4-30 என்ற மின்தர அளவீட்டுத் தரத்தில் எந்த வகுப்பு, ஐ.இ.சி. 62586 சோதனைச் சான்று உண்டா? "கிளாஸ் 0.5" என்று பதில் வந்தால் அது எனர்ஜி அளவீட்டின் வகுப்பு, நீங்கள் கேட்டது அதுவல்ல. "கிளாஸ் எஸ்" என்று சான்றோடு வந்தால், உள்வேலைக்குத் தாராளமாக வாங்கலாம்.

## வழி 3: நிரந்தரமாகப் பொருத்தும் கிளாஸ் ஏ கருவி

கிளாஸ் ஏ என்பதன் சாரம் துல்லியம் மட்டுமில்லை. ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனத்தின் கிளாஸ் ஏ கருவிகளை மாட்டினால், இரண்டும் சொல்லப்பட்ட பிழை எல்லைக்குள் ஒரே விடையைத் தர வேண்டும். அழுத்தத்தில் அந்த எல்லை 0.1 விழுக்காடு. கிளாஸ் எஸ் என்றால் 0.5. கணக்கிடும் முறையும் கட்டுப்பட்டது: 10 சைக்கிள் துண்டுகளாக, இடைவெளி விடாமல், அவற்றைச் சேர்த்து 3 செகண்ட், 10 நிமிடம், 2 மணி என்று. நேரம் வெளி ஒத்திசைவில் இருந்தால் 20 மில்லிசெகண்டுக்குள். ஆகவே தகராறு என்று வந்தால் நிற்கும் எண் இதுதான்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மத்திய மின்சார ஆணையம் கிரிட் இணைப்புக்கான தொழில்நுட்ப விதிகளை 2019இல் திருத்தியபோது, ஹார்மோனிக்ஸ் அளவீட்டுக்குக் கிளாஸ் ஏ கருவியையே குறித்தது. பெருநுகர்வோர் மின்தர மீட்டர் பொருத்திப் பதிவைப் பகிர வேண்டும் என்றும் சேர்த்தது. தமிழ்நாட்டில் ஹார்மோனிக்ஸ் வரம்பைத் தாண்டி, அதைக் குறைக்கும் கருவியும் வைக்காத உயரழுத்த நுகர்வோருக்குக் கட்டணத்தின் மேல் 15 விழுக்காடு இழப்பீடு உண்டு. மாதாமாதம் இருபது, முப்பது லட்சம் கட்டும் ஃபவுண்டரிக்கு 15 விழுக்காடு என்பதைக் கருவியின் விலையோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். பிறகு விலையைப் பற்றிப் பேச்சு எழாது.

ஆனால் கருவி கிளாஸ் ஏ என்பதால் அளவீடும் கிளாஸ் ஏ ஆகிவிடாது. அதற்குக் கரண்டைக் கொடுப்பது பேனலில் உள்ள சி.டி. அது 5பி10 என்ற பாதுகாப்புக் கோர் என்றால், முழு லோடிலேயே 1 விழுக்காடு பிழைக்கு அனுமதி உள்ளது. கால் லோடில் நிலைமை இன்னும் மோசம். கருவியை அளவீட்டுக்கென்றே உள்ள மீட்டரிங் கோரில் இணையுங்கள். பி.டி.யும் உயர் அதிர்வெண்ணில் ஓரளவுக்கு மேல் விசுவாசமாக இருக்காது. 11, 22 கே.வி.யின் சாதாரண மின்காந்த பி.டி. கீழ்வரிசை ஹார்மோனிக்ஸுக்குப் பரவாயில்லை. 110 கே.வி.யிலும் அதற்கு மேலும் சி.வி.டி. (கேபாசிட்டர் வழியாக அழுத்தத்தைச் சிறிதாக்குவது) வைத்திருப்பவர்கள், அதன் வழியாக வரும் ஹார்மோனிக் அழுத்தத்தை நம்பவே கூடாது.

இன்னொரு செலவை யாரும் கொட்டேஷனில் எழுத மாட்டார்கள். கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கான எண்களைக் கொட்டும். யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்காவிட்டால் அது விலையுயர்ந்த கடிகாரம். நேரம் மட்டும் சரியாகக் காட்டும்.

## வழி 4: வாடகைக்கு ஒரு வாரம்

கிளாஸ் ஏ தரத்திலேயே கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. வாங்காமல், அளந்து அறிக்கை தருபவரை அழைக்கலாம். ஹார்மோனிக்ஸ் கேள்விக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஐஇஇஇ 519 தரம் வாரக் கணக்கையே கேட்கிறது: ஒரு வாரத்தின் 10 நிமிட மதிப்புகளில் 95ஆவது பெர்சென்டைல் (அதாவது நூற்றுக்கு 95 மதிப்புகள்) வரம்புக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளின் 3 செகண்ட் மதிப்புகளுக்குத் தனி வரம்பு. "ரெண்டு மணி நேரம் மாட்டிப் பாத்துட்டோம்" என்ற அறிக்கைக்கு மதிப்பில்லை. ஏழு நாள் முழுசாகக் கேளுங்கள்.

அளக்க வருபவர் என்ன கிளாம்ப் கொண்டுவருகிறார் என்று பாருங்கள். எல்.டி. பஸ்பாரைச் சுற்றப் பயன்படும் 3,000 ஆம்பியர் ரோகோவ்ஸ்கி கயிற்றை, எச்.டி. பேனலில் 1 ஆம்பியர் சி.டி. செகண்டரியில் சுற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அறிக்கை அழகாக பைண்ட் செய்து வந்தது, உள்ளே கரண்ட் டி.எச்.டி. 40 விழுக்காடு. அவ்வளவும் இரைச்சல். செகண்டரிக்கு 5 ஆம்பியர் வகை சின்ன கிளாம்ப்தான் வேண்டும்.

டிப்பைப் பிடிக்க வாடகைக் கருவி சூதாட்டம். மாதம் நாலு டிப் வரும் ஆலையில் கருவி இருக்கும் வாரம் ஒன்றும் வராது. திருப்பிக் கொடுத்த மறுநாள் வரும்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | இருக்கும் ரிலே | பேனல் மீட்டர் | நிலையான கிளாஸ் ஏ | வாடகைக் கருவி |
|---|---|---|---|---|
| டிப்பின் ஆழமும் நேரமும் | பி.டி. இருந்து ட்ரிகரும் சரியானால் நன்று | பெரும்பாலும் தவறவிடும் | மிக நன்று | அந்த வாரம் வந்தால் மட்டும் |
| காரணம் உள்ளேயா வெளியிலா | மிக நன்று | முடியாது | நன்று | நன்று |
| ஹார்மோனிக்ஸ் | நம்ப வேண்டாம் | ஃபீடர்களை ஒப்பிடப் போதும் | மிக நன்று | மிக நன்று |
| ஸ்விட்சிங் அதிர்வு | அரைகுறை | இல்லை | மாடலைப் பொறுத்தது | மாடலைப் பொறுத்தது |
| ஃபிளிக்கர் | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| தகராறில் சாட்சியாகுமா | டிப்புக்குத் துணைச் சான்று | ஆகாது | ஆகும் | ஆகும், அளந்த வாரத்துக்கு |
| மறைசெலவு | மறுசோதனை, நினைவகம், கடிகாரம் | மென்பொருள், தவறான நிம்மதி | சி.டி. கோர், காலிபரேஷன், படிக்க ஆள் | தவறான கிளாம்ப், தவறான வாரம் |

"மின்வாரிய மீட்டரிலேயே எல்லாம் பதிவாகுமே" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லோடு சர்வே அரைமணி அல்லது கால்மணி சராசரி. அதில் டிப் தேடுவது, மாத மழை அளவைப் பார்த்து எந்த நிமிடம் தூறியது என்று கேட்பது போல.

## யாருக்கு எது

நூற்பாலைக்காரருக்கு: அனலைசர் கொட்டேஷனைக் கொஞ்ச நாள் மடித்து வையுங்கள். ரிலேயில் வோல்டேஜ் உள்ளீடு இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது ஸ்டேஜை 85 விழுக்காட்டில் வைத்து, பதிவியை இணைத்து, கடிகாரத்தை இந்திய நேரத்துக்குத் திருத்தி, மூன்று மாதம் விடுங்கள். ஒவ்வொரு டிப்புக்கும் மீதமுள்ள அழுத்தம், நீடித்த நேரம், நின்ற ஃபிரேம் எண்கள் என்று மூன்று பத்தி கொண்ட ஒரு தாள் போடுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் சேர்ந்ததும், எந்த ஆழத்துக்குக் கீழே எந்த மிஷின் நிற்கிறது என்று தாளே பேசும். பெரும்பாலான டிப்பில் 60, 70 விழுக்காடு அழுத்தம் மீந்து, நிற்பது கண்ட்ரோல் காண்டாக்டர் மட்டும்தான் என்றால், கண்ட்ரோல் சப்ளைக்கு ஒரு சிறு யு.பி.எஸ். வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். நிற்பது டிரைவின் டி.சி. பஸ் அண்டர்வோல்டேஜ் என்றால், கைனடிக் பஃபரிங் என்ற அமைப்பு டிரைவுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் கதிர்களின் வேகத்தையே எரிபொருளாக்கி அந்த 150 மில்லிசெகண்டைக் கடத்திவிடும். நூல் அறுந்து, ஆயிரத்துச் சொச்சம் கதிரில் ஒவ்வொன்றாகப் பீசிங் போடும் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 150 மில்லிசெகண்டின் விலை தெரியும். மூன்று மாதத் தாள் கையில் இருந்தும் வெளியில் இருந்துதான் வருகிறது என்று வாதாட வேண்டிய நிலை வந்தால், அப்போது கிளாஸ் ஏ வாங்குங்கள்.

புதிதாக ஆலை போடுகிறவர்களும், சோலார், காற்றாலை இணைப்பு என்று லைனோடு இருவழி உறவு வைத்திருப்பவர்களும், விதிப்படி பதிவைப் பகிர வேண்டியவர்களும் யோசிக்கவே வேண்டாம். இன்கமரில் கிளாஸ் ஏ, கூடவே பதிவி ஒழுங்காக அமைத்த ரிலே, இரண்டுக்கும் ஒரே நேர மூலம். எல்.டி. ஃபீடர்களுக்குச் சாதா மீட்டர்.

ஃபவுண்டரிக்காரருக்கு: அந்த 3 விழுக்காட்டை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் இண்டக்ஷன் ஃபர்னஸ் 12 பல்ஸ், அதாவது ஒரு சைக்கிளுக்கு 12 துடிப்பாக ஏசியை டி.சி. ஆக்குவது. அது கொட்டுவது முக்கியமாக 11ஆவதும் 13ஆவதும், அதாவது 550, 650 ஹெர்ட்ஸ். உங்கள் ரிலே சைக்கிளுக்கு 16 சாம்பிள், 400 ஹெர்ட்ஸுக்கு மேலே குருடு. உங்கள் ஃபர்னஸின் ஹார்மோனிக்ஸ் எங்கே இருக்கிறதோ அங்கே ரிலே பார்ப்பதே இல்லை, எனவே குறைவாகத்தான் காட்டும்.

கேபாசிட்டரையும் கவனியுங்கள். 1,600 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், 6 விழுக்காடு இம்பீடன்ஸ் என்றால் எல்.டி. ஷார்ட் சர்க்யூட் திறன் சுமார் 26.7 எம்.வி.ஏ. பவர் ஃபேக்டரைத் தானே சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. கேபாசிட்டர் பேனல் 540 கே.வி.ஏ.ஆர். வரை ஏறும்போது, அந்த 26.7ஐ 0.54ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 7 வரும். ஏழாவது ஹார்மோனிக்கில் ஒத்ததிர்வு. ஆலைக்குள் ஆறு பல்ஸ் டிரைவ்கள் இருந்தால் அவற்றின் ஏழாவது ஹார்மோனிக் அங்கே ஊதிப் பெருகும். கேபாசிட்டரோடு தொடராக 7 விழுக்காடு டீட்யூன்டு ரியாக்டர் இருந்தால் அந்தச் சேர்க்கை 189 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகி, ஐந்துக்கும் ஏழுக்கும் எட்டாமல் நிற்கும். இருக்கிறதா என்று முதலில் பேனலைத் திறந்து பாருங்கள். அதன்பின் ஏழு நாள் வாடகை அளவீடு, எச்.டி. மீட்டரிங் கோரில். அதே வாரம் கேபாசிட்டர் எந்த எந்த ஸ்டெப்பில் இருந்தது என்ற குறிப்பும் வேண்டும். அறிக்கை வந்தபின் ஃபில்டரா, நிரந்தரக் கருவியா என்று பேசலாம்.

வாடகைக் கருவிக்குத் தேதி குறிக்கும் முன் மெல்டிங் ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேறொரு ஃபவுண்டரியில் நாங்கள் கேட்கவில்லை. கருவி மாட்டியிருந்த ஏழு நாளில் நாலு நாள் அவர்கள் ஃபர்னஸை நிறுத்திப்போட்டு லைனிங் இடித்துக்கொண்டிருந்தார்கள்.